மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார்களின் பழுதுகளும் பழுதுச் செலவும் (1991–2005)

மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் என்பது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த சிண்டல்ஃபிங்கன் ஆலையில் தயாராகும் பெரிய சொகுசுக் கார் வரிசை ஆகும். "சிறப்பு வகுப்பு" எனப் பொருள்படும் சோண்டர்கிளாஸ் என்னும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தே இதன் பெயரில் உள்ள "எஸ்". 1972 முதல் இப்பெயர் அதிகாரபூர்வமாக வழங்கி வருகிறது. இவ்வரிசையில் 1991 முதல் 1998 வரை வெளிவந்த டபிள்யூ140, 1998 முதல் 2005 வரை வெளிவந்த டபிள்யூ220 ஆகிய இரு தலைமுறைகளும் மோட்டார் வாகன வரலாற்றில் தனித்துப் பேசப்படுகின்றன. புதிதாக வாங்கியவர்களுக்கு இவை உலகின் மிகச் சிறந்த கார்களாக இருந்தன. பத்து ஆண்டுகள் கழித்து இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவர்கள் பலருக்கோ, வாங்கிய விலையை விடப் பழுதுபார்க்கும் செலவு கூடுதலானது. அது எதனால் நேர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முந்தைய தலைமுறையும் போட்டியும்

1979இல் வெளிவந்த டபிள்யூ126 எட்டு லட்சத்துக்கும் மேல் விற்ற கார். அதில் மின்னணுக் கருவிகள் குறைவு. சுருள் ஸ்பிரிங், சாதாரண ஷாக் அப்சார்பர், தடித்த உலோக உறுப்புகள் என்று, நல்ல மெக்கானிக் ஒருவர் கண்ணாலும் காதாலும் பழுதைக் கண்டுபிடித்துவிடக் கூடிய அமைப்பு. மெர்சிடிஸ் என்றால் உழைக்கும் என்று உலகெங்கும் ஏற்பட்ட நம்பிக்கைக்கு இந்தக் காரும், இதே காலத்து டீசல் டாக்சிகளுமே பெரும் காரணம். பின்னர் வந்த தலைமுறைகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்கள் இந்தப் பழைய நம்பிக்கையின் பேரில்தான் வாங்கினார்கள்.

1987இல் போட்டி நிறுவனமான பிஎம்டபிள்யூ பன்னிரண்டு சிலிண்டர் பொறியுடன் 750ஐ என்னும் காரை வெளியிட்டது. 1989இல் ஜப்பானின் டொயோட்டா, லெக்சஸ் என்ற புதிய பெயரில் எல்எஸ்400 காரை அமெரிக்காவில் 35,000 டாலர் அளவுக்கு விற்கத் தொடங்கியது. மெர்சிடிஸ் கேட்ட விலையில் பாதிகூட இல்லாத காரில் அதே அமைதியும் வசதியும் கிடைத்தன. அப்போது வரைபட மேசையில் இருந்த டபிள்யூ140, இந்த இரு அடிகளுக்கும் விடை சொல்ல வேண்டியதாயிற்று. பன்னிரண்டு சிலிண்டர் பொறியையும் உள்ளே வைக்க வேண்டும் என்ற முடிவினால் வெளியீடு தள்ளிப்போனது; காரும் பருத்தது.

டபிள்யூ140: எல்லாம் பெரிது

1991 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இக்காரில் இரட்டைக் கண்ணாடி சன்னல்கள், மெல்லச் சாத்தினாலே தானாக இழுத்து மூடிக்கொள்ளும் கதவுகள், பின்னோக்கி எடுக்கும்போது காரின் மூலைகளைக் காட்ட எழுந்து நிற்கும் குச்சிகள் எல்லாம் இருந்தன. பன்னிரண்டு சிலிண்டர் 600எஸ்இஎல் அமெரிக்காவில் 1,25,000 டாலருக்கு மேல் விற்றது. எடை 2 டன்னைத் தாண்டியது. ஜெர்மனியின் வடகோடியில் உள்ள சில்ட் தீவுக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் ரயிலில் இக்கார் ஏற முடியாத அளவு அகலம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. நான்கு பருமனான பயணிகள் பெட்டிகளோடு ஏறினால் அனுமதிக்கப்பட்ட எடை வரம்பைக் கார் மீறிவிடும் என்பதும் அக்காலக் கேலிகளுள் ஒன்று. இவ்வளவு கேலிக்கு உள்ளான காரின் உலோக வேலைப்பாடு உண்மையிலேயே உயர்தரமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றும் நல்ல நிலையில் உள்ள ஒரு டபிள்யூ140இன் கதவைச் சாத்திப் பார்த்தவர்கள் அதை ஒத்துக்கொள்வார்கள்.

அதன் முதல் பெரும் பழுது, யாரும் எதிர்பாராத இடத்தில் தோன்றியது. சுமார் 1992 முதல் 1995 வரை தயாரான மெர்சிடிஸ் கார்கள் பலவற்றில், பொறியைச் சுற்றி ஓடும் மின்கம்பிகளின் மேலுறைக்குப் புதுவகைப் பொருள் ஒன்று பயன்படுத்தப்பட்டது. கார் காயலான் கடைக்குப் போன பிறகு சூழலைக் கெடுக்காமல் மக்கிவிட வேண்டும் என்ற நோக்கத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். பட்டறைகளில் இதற்கு "மக்கும் வயரிங்" என்றே பெயர் விழுந்துவிட்டது. பொறியின் சூட்டில் இவ்வுறை சில ஆண்டுகளிலேயே காய்ந்து, விரலால் தொட்டால் அப்பளம் போல் நொறுங்கியது. உள்ளே இருந்த செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டன.

விளைவு விசித்திரமானது. ஒருநாள் வண்டி நடுங்கும். மறுநாள் ஒழுங்காக ஓடும். கம்பிகள் தொட்டுக்கொள்ளும் வேளையில் தவறான மின்னழுத்தம் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சென்று, சில சமயம் அதையே எரித்துவிடும். இதை அறியாத பட்டறைகள் ஸ்பார்க் பிளக், சென்சார், கணினி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளர் பணம் கட்டினார். குற்றவாளியோ ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒளிந்திருந்தது. புதிய வயரிங் ஒன்றுக்கு அமெரிக்காவில் ஏறத்தாழ ஆயிரம் டாலர் ஆனது. பொறியின் வகையைப் பொறுத்து அது கூடும். பெட்ரோல் பொறிக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணு த்ராட்டில் கருவியின் உள்ளேயும் அதே வகைக் கம்பிகள் இருந்ததால், வயரிங்கை மட்டும் மாற்றியவர்களுக்குச் சில மாதங்களில் அதே நடுக்கம் திரும்பியது. அந்தக் கருவியும் ஏறக்குறைய அதே விலை. பிற்காலத்தில் சிறு பட்டறைகள் அதைப் பிரித்து, உள்ளே உள்ள கம்பிகளை மட்டும் புதிதாகப் பற்றவைத்துக் கொடுக்கத் தொடங்கின. 1996க்குப் பின் தயாரான கார்களில் பெரும்பாலும் இப்பழுது இல்லை. ஆகவே இன்று டபிள்யூ140 வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி, "வயரிங் மாற்றியாயிற்றா?" என்பதே.

இரண்டாவது பழுது ஏசியின் கூலிங் காயில். டேஷ்போர்டின் ஆழத்தில் வைக்கப்பட்ட இந்த அலுமினியக் காயிலில் நுண்துளை விழுந்து வாயு கசியும். உறுப்பின் விலை சில நூறு டாலர்தான். ஆனால் அதை எடுப்பதற்கு ஸ்டீயரிங், மரப் பலகைகள், முழு டேஷ்போர்டு, அதன் பின்னுள்ள காற்றுக் கூடு அனைத்தையும் கழற்ற வேண்டும். தேர்ந்த மெக்கானிக்குக்கும் இது இரண்டு மூன்று நாள் வேலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கே சொன்னது போலிருக்கும். மொத்தச் செலவு சில ஆயிரம் டாலர்கள் ஆயிற்று. தொழிற்சாலையில் டேஷ்போர்டைப் பூட்டுவதற்கு முன் காயில் வைக்கப்படுகிறது. அதனால் தயாரிப்பாளருக்கு அது எளிது. பழுது பார்ப்பவர் அதே வழியில் பின்னோக்கி வர வேண்டும்.

இவை தவிர, கதவுகளை இழுத்து மூடும் வெற்றிட பம்ப் பழுதாவது, ஆறு சிலிண்டர் பொறியில் தலைப்பகுதி கேஸ்கெட்டின் பின்மூலையில் எண்ணெய் கசிவது ஆகியனவும் உண்டு. இவை பெரும் பழுதுகள் எனச் சொல்வதற்கில்லை.

டபிள்யூ220: எடை குறைந்தது, கணினி கூடியது

டபிள்யூ140 பெற்ற கேலியும், 1995இல் டெய்ம்லர் பென்ஸ் காட்டிய பெரும் நட்டமும் நிறுவனத்தின் போக்கை மாற்றின. முன்பு பொறியாளர்கள் காரை வடிவமைத்து முடித்த பின் விலை நிர்ணயிக்கப்படும். இப்போது விற்கும் விலை முதலில் முடிவாகி, அதற்குள் அடங்கும்படி ஒவ்வொரு உறுப்புக்கும் செலவு வரம்பு வகுக்கப்பட்டது. 1998 செப்டம்பரில் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த டபிள்யூ220, சில மாதிரிகளில் முன்னதை விட 300 கிலோ வரை எடை குறைவு. வடிவமும் மெலிந்து அழகாயிற்று.

இதன் குறைகளுக்கெல்லாம் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனத்துடன் ஏற்பட்ட இணைப்பே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இக்கருத்து நிற்காது. இணைப்பு அறிவிக்கப்பட்டது 1998 மே மாதம். நிறைவேறியது அவ்வாண்டு நவம்பரில். கார் அதற்கு முன்பே மேடை ஏறிவிட்டது. ஒரு புதிய காரின் வடிவமும் உறுப்புகளும் வெளியீட்டுக்குச் சில ஆண்டுகள் முன்பே முடிவாகிவிடும். எனவே டபிள்யூ220இன் நிறைகுறைகள் இரண்டும் ஸ்டுட்கார்ட்டுக்கே உரியவை.

எடையில் மிச்சப்பட்டது மின்னணுவியலில் சேர்ந்தது. முன்னே செல்லும் வண்டியை ரேடாரால் அறிந்து வேகத்தைத் தானே குறைக்கும் டிஸ்ட்ரானிக், சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு திறக்கும் வசதி, வரைபடம் காட்டும் திரை என்று அக்காலத்தில் வேறு கார்களில் அரிதான பலவும் இதில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி. கணினிகளை இணைக்கும் தரவுக் கம்பி. எல்லாவற்றுக்கும் நல்ல மின்கலம் தேவை. மின்கலம் தளர்ந்தாலே தொடர்பில்லாத பத்துக் கருவிகள் எச்சரிக்கை காட்டும். முன்கண்ணாடியின் கீழே உள்ள வடிகால் துளைகளை உதிர்ந்த இலைகள் அடைத்தால், மழைநீர் தேங்கி மின்னணுப் பெட்டிகளுக்குள் இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் இலை பொறுக்கினால் தவிர்க்கக்கூடிய பழுது அது.

ஏர்மேட்டிக்

டபிள்யூ220 என்றவுடன் எவரும் முதலில் சொல்லும் பெயர் ஏர்மேட்டிக். சக்கரங்களின் மேல் உலோகச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, அழுத்தக் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் காரைத் தாங்கும் ஏற்பாடு இது. மெர்சிடிஸுக்கு இது புதிதன்று. 1961இல் 300எஸ்இ காரிலும், 1963இல் வந்த புகழ்பெற்ற 600இலும் காற்றுத் தாங்கல் இருந்தது. ஆனால் அவை மிகச் சிலருக்கே எட்டிய கார்கள். எஸ் கிளாஸ் வரிசை முழுவதற்கும் பொதுவாக இது வந்தது டபிள்யூ220இல்தான்.

அமைப்பை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். மின்மோட்டாரால் ஓடும் ஒரு சிறு கம்பிரசர் காற்றை அழுத்துகிறது. வால்வுத் தொகுதி ஒன்று அக்காற்றை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கிறது. உயரம் அளக்கும் சென்சார்கள், கார் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்கின்றன. பின்னிருக்கையில் மூவர் ஏறினாலும் கார் மட்டமாக நிற்கும். கரடுமுரடான பாதையில் பொத்தானை அழுத்தினால் உயரும். நெடுஞ்சாலையில் வேகம் கூடினால் தாழும். ஓட்டிப் பார்த்தவர்கள் மிதப்பது போல் இருக்கும் என்பார்கள்.

ரப்பர் மூப்படையும் பொருள். மடிந்து மடிந்து விரியும் இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. முன்சக்கர ஸ்ட்ரட்டுகளில் பையோடு மேல்தட்டு சேரும் இடத்திலும் காற்று கசிவதுண்டு. முதல் அறிகுறி, காலையில் பார்க்கும்போது காரின் ஒரு மூலை படுத்திருப்பது. சாவியைத் திருப்பினால் சில நிமிடங்களில் எழுந்துவிடும். இதைக் கண்டு "ஓடினால் சரியாகிவிடுகிறதே" என்று உரிமையாளர் விட்டுவிடுவதுதான் செலவின் தொடக்கம். கசிவை ஈடுகட்டக் கம்பிரசர் இடைவிடாது ஓடுகிறது. சிறிது நேரம் மட்டுமே ஓடுவதற்காகச் செய்யப்பட்ட அது, சூடேறித் தேய்கிறது. அதற்கு மின்சாரம் தரும் ரிலேயின் முனைகள் அடிக்கடி இணைந்து பிரிவதால் ஒட்டிக்கொண்டால், வண்டியை அணைத்த பின்னும் கம்பிரசர் ஓடி எரிந்துபோகும்.

பழுது நடந்த வரிசையைத் தலைகீழாக எடுத்துக்கொண்டவர்களே அதிகம் இழந்தார்கள். எரிந்த கம்பிரசர் கண்ணுக்குத் தெரிகிறது; அதை மாற்றினார்கள். கசிவு அப்படியே இருந்ததால் புதிய கம்பிரசரும் சில மாதங்களில் எரிந்தது. சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பழைய முறை, சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்குவது போன்ற முறை, இங்கும் செல்லுபடியாகும். கசிவை முதலில் அடைத்து, ரிலேயை மாற்றி, அதன்பின் கம்பிரசரைப் பார்ப்பதே முறையான வரிசை. ரிலேயின் விலை சில பத்து டாலர்களைத் தாண்டாது.

நிறுவனத்தின் புதிய முன் ஸ்ட்ரட் ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டியது. கம்பிரசர் சில நூறு முதல் ஆயிரம் டாலர் வரை. நான்கு மூலைகளும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை என்பதால், ஒன்று போனால் மற்றவையும் ஓரிரு ஆண்டுகளில் தொடரும். அமெரிக்காவின் ஆர்னாட் போன்ற நிறுவனங்கள் பழைய ஸ்ட்ரட்டுகளைச் சீரமைத்துப் பாதி விலைக்கு விற்கத் தொடங்கியபோதுதான் இக்கார்கள் பல பிழைத்தன. சிலர் ஏர்மேட்டிக்கையே கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் பொருத்தினார்கள். அது மலிவான வழி. ஆயினும் எந்த மென்மைக்காக இந்தக் காரை வாங்கினார்களோ அது போய்விடும்.

ஏபிசி: இருநூறு பார் அழுத்தம்

ஏர்மேட்டிக்கை விடவும் அச்சம் தரும் மற்றொன்று உண்டு. 1999இல் சிஎல் கூப்பே காரில் அறிமுகமாகிப் பின் எஸ்600 முதலிய உயர் மாதிரிகளில் வந்த ஏபிசி என்னும் அமைப்பு அது. இதில் காற்று இல்லை; எண்ணெய். ஒவ்வொரு சுருள் ஸ்பிரிங்கின் மேலும் ஓர் ஹைட்ராலிக் உருளை இருக்கும். வளைவில் கார் சாயத் தொடங்கும் கணத்திலேயே கணினி அதை எதிர்த்து எண்ணெயைச் செலுத்தும். கார் சாயாமல் வளைவைக் கடக்கும். இதற்கு வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய 200 பார். சாதாரணக் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் இது 90 மடங்கு.

இத்தகைய அழுத்தத்தைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் தாங்குவது குழாய்களுக்கு எளிதன்று. அழுத்த அதிர்வைச் சமன்செய்ய நைட்ரஜன் வாயு நிரப்பிய உருண்டைகள் உள்ளன. அவற்றின் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு மூப்படைந்து வாயு போய்விட்டால், பம்பின் ஒவ்வொரு அடியும் நேரே குழாயின் மேல் விழும். குழாய் வெடிக்கும். எண்ணெய் சாலையில் கொட்டும். திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்த பின்னும் வீடு போய்ச் சேரலாம் என்று ஓட்டினால், எண்ணெயில்லாத பம்ப் உள்ளே அரைத்துக்கொண்டு அழியும். அந்த பம்பே ஸ்டீயரிங்குக்கும் எண்ணெய் தருவது. விலை 1,500 டாலர் அளவிலும் அதற்கு மேலும் இருந்தது. குழாயின் விலை அதில் ஒரு பகுதிதான். குறிப்பிட்ட பச்சைநிறச் செயற்கை எண்ணெயைத் தவிர வேறொன்றை ஊற்றியதால் கெட்டுப்போன அமைப்புகளும் உண்டு.

பொறியும் கியர்பாக்ஸும்

டபிள்யூ220இன் ஆறு, எட்டு சிலிண்டர் பொறிகளைக் குறைசொல்ல இடம் குறைவு. எம்112, எம்113 என்ற குறியீடுடைய இவை, எண்ணெய் மாற்றிப் பராமரித்தால் மூன்று நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடியவை. சூடான நிலையில் திடீரென அணைந்து, ஆறிய பின் ஒன்றும் நடவாதது போல் கிளம்பினால், அது பெரும்பாலும் கிராங்க் தண்டின் சுழற்சியை அறியும் சிறு சென்சாரின் வேலை. அதன் விலை நூறு டாலருக்குள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் என்பதால் எட்டு சிலிண்டர் பொறிக்குப் பதினாறு பிளக் வேண்டும் என்பது, முதல்முறை பில் வாங்கும்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

பன்னிரண்டு சிலிண்டர் கதை வேறு. இருபத்து நான்கு பிளக்குகளுக்கும் மின்பொறி தரும் காயில்கள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே தொகுதிகளில் வார்க்கப்பட்டவை. ஒரு காயில் செத்தாலும் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். ஒரு தொகுதி ஆயிரம் டாலருக்கு மேல். பழைய கார்ச் சந்தையில் எஸ்600, எஸ்500 இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்து நின்றதற்கு இதுவே காரணம். விவரம் அறிந்தவர்கள் எட்டு சிலிண்டரை எடுத்தார்கள். ஆசைப்பட்டவர்கள் பன்னிரண்டை எடுத்தார்கள்.

1996 முதல் வந்த ஐந்து கியர் தானியங்கி கியர்பாக்ஸ் நல்ல உழைப்பாளி. "வாழ்நாள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டாம்" என்ற உறுதிமொழியோடு அது விற்கப்பட்டது. யாருடைய வாழ்நாள் என்பதைச் சொல்லவில்லை. பிற்பாடு நிறுவனமே 60,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றும்படி பரிந்துரைக்க நேர்ந்தது. இதன் பக்கவாட்டில் மின்கம்பிகள் நுழையும் பிளாஸ்டிக் இணைப்பான் ஒன்று உள்ளது. அதன் சிறு ரப்பர் வளையம் தளர்ந்தால் எண்ணெய் கசியும். அதோடு நில்லாமல், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் கம்பியினுள் ஊர்ந்து மேலேறி, கியர் கணினியின் பெட்டியையே அடைந்துவிடும். கார் தற்காப்பாக இரண்டாம் கியரில் நின்றுகொள்ளும். இருபது டாலர் பெறாத அந்த இணைப்பானுக்காக முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்லிச் சில ஆயிரம் டாலர் கேட்ட பட்டறைகள் இருந்தன. 2003 முதல் சில மாதிரிகளில் வந்த ஏழு கியர் அமைப்பில் கணினி கியர்பாக்ஸின் உள்ளேயே வைக்கப்பட்டு, அந்தக் குறிப்பிட்ட காரோடு பிணைக்கப்பட்டது. பழைய காரிலிருந்து எடுத்துப் பொருத்துவது இதனால் கடினமாயிற்று.

துரு

மெர்சிடிஸ் வரலாற்றில் மிகவும் வருத்தம் தந்த பழுது இதுவே எனலாம். பம்பும் ஸ்ட்ரட்டும் மாற்றத்தக்கவை, உடல் அப்படியன்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 2003 வரை வந்த கார்களில் சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, பின்மூடியில் எண் பலகை விளக்கு இருக்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றில் துரு பூத்தது. நீர் கலந்த புதுவகை வண்ணப் பூச்சுக்கு மாறியது, துத்தநாகப் பூச்சில் செய்த சிக்கனம் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றில் இதன் கொடுமை அதிகம். வறண்ட கலிபோர்னியாவில் ஓடிய கார்களில் குறைவு. எனவே ஒரே ஆண்டு, ஒரே மாதிரிக் கார்கள் இரண்டின் இன்றைய மதிப்பு, அவை ஓடிய ஊரைப் பொறுத்து வெகுவாக மாறும்.

இக்காலத்தில் நிறுவனத்தின் பெயரே தாழ்ந்தது. 2003இல் ஜே.டி. பவர் நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த நம்பகத்தன்மைக் கணக்கெடுப்பில் மெர்சிடிஸ் சராசரிக்கும் கீழே இறங்கியது. 2005 மார்ச்சில், எஸ் கிளாஸ் அல்லாத பிற மாதிரிகளையும் சேர்த்து, மின்னணுப் பழுதுகளுக்காக 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. 2002 இறுதியில் செய்த மாற்றங்களுக்குப் பின் வந்த டபிள்யூ220கள் முந்தையவற்றை விட மேல் என்பது பொதுக் கருத்து.

செலவு ஏன் கூடியது

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எஸ்500 சுமார் 78,000 டாலருக்கு விற்றது. பத்தாண்டு முடிவதற்குள் அதே கார் பத்தாயிரம் டாலர் அளவுக்கு இறங்கியது. புதிய சிறிய கார் ஒன்றின் விலையை விட அது குறைவு. ஆனால் உதிரி உறுப்புகளின் விலைப்பட்டியலில் அது எப்போதும் 78,000 டாலர் காராகவே இருந்தது. முதல் உரிமையாளருக்கு நான்கு ஆண்டு உத்தரவாதம் இருந்தது. பெரும்பாலோர் வாடகைத் தவணை முறையில் எடுத்து, மூன்றாம் ஆண்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ரப்பர் வெடிக்கும் ஆண்டும், சவ்வு கிழியும் ஆண்டும் வந்தபோது கார் வேறொருவர் வாசலில் நின்றது. அவர் பெரும்பாலும் நடுத்தர வருமானக்காரர். வாழ்நாள் ஆசை ஒன்றை நிறைவேற்றச் சேமித்தவர். ஒரே ஆண்டில் இரண்டு ஸ்ட்ரட்டும் ஒரு கம்பிரசரும் கூலியும் சேர்ந்தால், காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இந்தக் கட்டத்தில் பாதிப் பழுதோடு விற்றுவிட்டவர்கள் பலர். அதை வாங்கியவர் இன்னும் குறைந்த பணத்தோடு வந்தவர்.

பழுதைக் கண்டறிவதும் ஒரு செலவாயிற்று. டபிள்யூ126இல் மெக்கானிக்கின் அனுபவம் செய்த வேலையை, டபிள்யூ220இல் ஸ்டார் டயக்னோசிஸ் என்ற நிறுவனத்தின் தனிக் கணினிக் கருவிதான் செய்ய முடிந்தது. அது இல்லாத பட்டறை ஊகத்தால் உறுப்புகளை மாற்றியது. அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் மணிக்கு நூறு டாலருக்கு மேல் கூலி. இடைப்பட்ட வழியாக, இந்த ஒரு நிறுவனத்தின் கார்களை மட்டுமே பார்க்கும் தனிப் பட்டறைகள் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பெருகின. முன்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களே பலவற்றை நடத்தினார்கள். கூலி குறைவு, எதை மாற்றத் தேவையில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

லெக்சஸ் எல்எஸ்400உடன் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். அதிலும் பழுது இல்லாமலில்லை. பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்து எண்ணெய் கசிந்து, அதற்குக் கீழே உள்ள ஆல்டர்னேட்டரின் மேல் சொட்டி அதைக் கெடுப்பது பேர்போன குறை. வெளிவந்த சில மாதங்களிலேயே, 1989 டிசம்பரில், சுமார் 8,000 கார்களைத் திரும்ப அழைக்கவும் நேர்ந்தது. ஆயினும் காற்றுப் பை இல்லாத மாதிரிகளே பெரும்பாலானவை. உறுப்புகளும் டொயோட்டாவின் விலையில் கிடைத்தன. பதினைந்தாம் ஆண்டிலும் அதை ஒரு சாதாரணக் காரைப் போல் வைத்துக்கொள்ள முடிந்தது.

இன்றைய நிலை

டபிள்யூ140, 1990களின் அடையாளமாகச் சேகரிப்போர் கைக்குப் போய்விட்டது. நல்ல கார்களின் விலை ஏறுகிறது. சுமார் 4.85 லட்சம் தயாரான டபிள்யூ220க்கு அந்த மதிப்பு இன்னும் வரவில்லை. துருப்பிடித்தவை உடைக்கப்பட்டு, அவற்றின் கதவு, விளக்கு, இருக்கை, கணினிப் பெட்டி ஆகியன ஓடும் கார்களுக்குப் போகின்றன. ஸ்ட்ரட்டும் கம்பிரசரும் வெளி நிறுவனங்களின் தயாரிப்பில் முன்னைவிட மலிவாகக் கிடைப்பதால், 2003க்குப் பின் வந்த, துருவில்லாத, எட்டு சிலிண்டர் கார் ஒன்றை வைத்துக்கொள்வது பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததை விட இப்போது எளிது. வாங்க வருபவர்கள் காரை முதல்நாள் மாலையே உயர நிலையில் நிறுத்தச் சொல்லி, நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு, மறுநாள் காலை சாவி போடுவதற்கு முன் மீண்டும் அளந்து பார்ப்பது வழக்கமாகியுள்ளது.